பெரிய ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் மனநிலையில்தான் கோளாறா?

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): எட்டு வருடங்களுக்கு முன் வீட்டில் ஒரே ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். இப்போது நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் சீருடை தைத்துக் கொடுக்கிறேன். பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் மூன்று வருடமாக விற்பனை ஒரே இடத்தில் நிற்கிறது. தொழில் வளர வேண்டுமானால் முதலில் நான் மாற வேண்டும் என்று எல்லோரும் சொன்னதால் இரண்டு பயிற்சி வகுப்புகளுக்குப் போனேன். காலை நாலரை மணிக்கு எழுகிறேன், இலக்குகளைத் தினமும் எழுதுகிறேன், ஊக்கப் பேச்சுகள் கேட்கிறேன். எதுவும் நகரவில்லை. போன மாதம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. எங்கள் வழக்கமான ஒரு மாத வேலையைப்போல மூன்று மடங்கு. முன்பணம் இல்லை, சரக்கு கொடுத்து 60 நாள் கழித்துத்தான் பணம். பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உங்கள் மனநிலைதான் உங்களுக்குத் தடை" என்கிறார் பயிற்சியாளர். அடுத்த கட்ட வகுப்புக்கும் கூப்பிடுகிறார். நான் பட்டறையில் இல்லாவிட்டால் ஏதாவது தப்பு நடந்துவிடுகிறது. அம்மாவின் ஆபரேஷனுக்காக இரண்டு நாள் போய்விட்டு வந்தேன். 140 சட்டைகளில் பாக்கெட்டை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டார்கள். வாயால் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். எழுதிக் கொடுத்தால் கட்டிங் மாஸ்டர் அவமானமாக நினைப்பாரோ என்று தயக்கம். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நான் பட்டறையை விட்டு நகரவில்லை. என்னிடம் என்ன குறை?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதோடு நீங்கள் அனுப்பியிருந்த இரண்டு பக்கக் கணக்கை நாலைந்து முறை பார்த்தேன். சிறு தொழில்களின் கணக்கைப் பார்ப்பதே எனக்கு இருபது வருட வேலை. கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் மனதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது. ஆகவே முதலில் அந்தப் பெரிய ஆர்டர்.

நீங்கள் அதை மறுத்தது சரி. பயத்தால் மறுத்தீர்களோ என்று இத்தனை நாள் உங்களை நீங்களே குத்திக்கொண்டிருக்கிறீர்கள். அதை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் ஒரு மாத விற்பனையை 100 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தந்த கணக்குப்படி துணி, நூல், பொத்தான், கூலிக்கு 80 போகிறது. வாடகை, மின்சாரம் போன்றவற்றுக்கு 10. மீதி 10 உங்கள் கையில். வந்த ஆர்டர் 300. வாடகையை விட்டுவிடுங்கள், துணிக்கும் கூலிக்கும் மட்டுமே 240 வேண்டும். அது உங்கள் இரண்டு வருட லாபம். அவ்வளவையும் மேசைமேல் எடுத்து வைத்தால்தான் அந்த ஆர்டரைத் தொடவே முடியும். உங்கள் கையிருப்போ ஒரு மாத விற்பனை அளவு, அதாவது 100.

நாள் கணக்காகவும் பாருங்கள். துணி வந்து வெட்டு மேசைக்குப் போகும்வரை 10 நாள் கிடக்கிறது. வெட்டி, தைத்து, காஜா போட்டு, அயர்ன் செய்து டெலிவரி ஆக 20 நாள். பில் போட்டபின் 60 நாள். மொத்தம் 90 நாள். துணிக்காரர் உங்களுக்குத் தருவது 15 நாள் தவணை. ஆக, துணிக்குப் போன பணம் 75 நாள் கழித்துத்தான் திரும்புகிறது. கூலி வாரா வாரம் போகிறது. இந்த இடைவெளியை யாராவது ஒருவர் பணம் போட்டு நிரப்ப வேண்டும். வேறு ஆள் இல்லையென்றால் அது நீங்கள்தான். ஆர்டர் புத்தகம் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்போதே கூலி கொடுக்கப் பணமில்லாமல் மூடிய பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். நஷ்டத்தில் மூடியவை அல்ல, லாபத்தில் இருந்தபோதே மூடியவை. அந்த உரிமையாளர்கள் ஒருவருக்கும் தைரியத்தில் குறைவில்லை.

உங்கள் பயம் ஏதோ ஒன்றைச் சரியாகவே மோப்பம் பிடித்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்காமல் மறுத்தது மட்டும்தான் குறை. போட்டுப் பார்த்திருந்தால் "வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல், "இப்படியானால் செய்கிறேன்" என்று ஒரு பதில் கையில் இருந்திருக்கும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இனி, மூன்று வருடமாக விற்பனை ஏன் நின்றிருக்கிறது என்ற கேள்வி. அதற்கான பதில் அந்த 140 சட்டைகளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் அவற்றின் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நிற்போம்.

முதல் சட்டை தைத்து முடிந்திருக்கிறது. பாக்கெட் வலது பக்கம். தைத்தவருக்கு அது தப்பென்று தெரியாது. அடுத்த மெஷினில் இருந்தவர் கையை இணைத்தார், அவரும் பாக்கெட்டைப் பார்த்திருப்பார். காஜா போட்டவர் பார்த்தார், பொத்தான் வைத்தவர் பார்த்தார், அயர்ன் செய்தவர் அந்தப் பாக்கெட்டின் மேலேயே பெட்டியை ஓட்டினார். இப்படி 140 முறை. யாருமே நிறுத்தவில்லை. அலட்சியம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பட்டறையில் ஒன்றுமே இல்லை. சரியான சட்டை ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது: உங்கள் தலைக்குள். நீங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அதுவும் உங்களோடு அங்கே வந்துவிட்டது.

நீங்கள் ஒப்புதல் கொடுத்த மாதிரிச் சட்டை ஒன்று வெட்டு மேசைக்கு நேர் எதிரே தொங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் பீஸ் முடிந்ததும் மெஷின்களை நிறுத்தி, அந்த மாதிரியோடு வைத்துப் பார்த்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இரண்டாவது பீஸ் என்ற வழக்கம் இருந்திருந்தால்? ஒரு சட்டை போயிருக்கும். மிச்சம் 139 பிழைத்திருக்கும். பெரிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் இது தினசரி நடக்கிற காரியம். உங்கள் பட்டறைக்கு அது தேவைப்படாமல் இருந்ததற்குக் காரணம், எட்டு வருடமாக அந்த மாதிரிச் சட்டையின் வேலையை நீங்கள் செய்துகொண்டிருந்ததுதான்.

தறியை வைத்து ஒன்று சொல்கிறேன். பழைய விசைத்தறியில் ஓர் இழை அறுந்தாலும் தறி பாட்டுக்கு ஓடும், பழுதான துணியை நெய்துகொண்டே போகும். அதனால் பக்கத்தில் ஓர் ஆள் கண் இமைக்காமல் நிற்க வேண்டியிருந்தது. ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் பல வருடம் பாடுபட்டு, இழை அறுந்தால் தானே நின்றுவிடும் தறியைச் செய்தார். 1924-இல் வந்த அவருடைய தானியங்கித் தறி அதில் உச்சம். அதற்குப் பிறகு ஓர் ஆளே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. அவர் குடும்பம் பின்னாளில் கார் தயாரிக்கப் போனபோதும் அதே எண்ணத்தை எடுத்துக்கொண்டு போனது. கோளாறு தெரிந்தால் வரிசையில் நிற்கும் தொழிலாளியே கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தச் சொல்லலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். நீங்கள் இன்று தறிக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த ஆள். கண் இமைத்தால் பழுது. பன்னிரண்டாவது ஆள் வந்தால், பதினைந்தாவது ஆள் வந்தால், அதே ஒரு ஜோடிக் கண்தான். பிறகு எப்படி விற்பனை கூடும்?

உங்கள் நாளில் இது எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று தோராயமாகப் பார்க்கலாம். பதினோரு பேர், ஆளுக்கு ஒரு நாளில் ஆறு தடவை "அக்கா, இது சரியா?" என்று வருகிறார்கள் என்று வையுங்கள். 66 தடவை. ஒவ்வொன்றுக்கும் நாலு நிமிடம். நாலு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. புது வாடிக்கையாளரைப் பார்க்க, துணிக்காரரிடம் தவணையைக் கூட்டிக் கேட்க, விலையை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டிய நேரம் அது. அதற்குப் பதிலாக இதையெல்லாம் நீங்கள் ராத்திரி பத்து மணிக்குமேல் செய்கிறீர்கள்.

சரி, மனநிலை. அதை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட இடத்தில் அது இல்லை.

1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சில புதிர்கள் கொடுத்தார்கள். நன்றாகச் செய்தபின் சிலரிடம் "நீ புத்திசாலி" என்று பாராட்டினார்கள், சிலரிடம் "நீ நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். அடுத்து எந்த மாதிரி வேலை வேண்டும் என்று கேட்டபோது, உழைப்புக்காகப் பாராட்டுப் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் புதிதாக எதையாவது கற்றுக்கொள்ளக்கூடிய வேலையைக் கேட்டார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களில் பலர் அந்தப் பெயருக்குப் பங்கம் வராத வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்? உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. "எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும், நீங்கள் பார்த்தால்தான் நம்பிக்கை, உங்கள் கைபட்டால்தான் சரியாக வரும் என்பார்கள்." பெருமையோடு எழுதியிருந்தீர்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் எட்டு வருடமாகத் தினமும் காதில் விழுகிற அந்தப் பாராட்டு, "நீ புத்திசாலி" என்ற பாராட்டின் இன்னொரு வடிவம். அது உங்களுக்கு ஒரு பெயரைக் கொடுத்துவிட்டது. அந்தப் பெயரைக் காப்பாற்ற, உங்களுக்குக் கைவந்த வேலையிலேயே நிற்கிறீர்கள்: காலரைத் தடவிப் பார்ப்பது, தையல் நூலை இழுத்துப் பார்ப்பது. வராத வேலை, அதாவது இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு விலகி நிற்பது, அதில் கை வைக்கும்போது தடுமாறுவீர்கள். தடுமாறுவது பிடிக்காது. யாருக்கும்தான் பிடிக்காது. வளர்ச்சிக்கான மனநிலை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைச் சொல்வேன்: எட்டு வருட அனுபவம் உள்ள வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வைத்துவிட்டு, எட்டு நாள் அனுபவம்கூட இல்லாத வேலைக்குப் போய் உட்காருவது. தொழில் நடத்துவது என்பதில் நீங்கள் இன்னும் புது ஆள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்கள் இடத்துக்கு வந்த எல்லோரும் அங்கே புது ஆட்கள்தான்.

மனதை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். இதே எண்ணத்தை வைத்து அமெரிக்காவில் சுமார் 12,000 பள்ளி மாணவர்களிடம் செய்த பெரிய சோதனையின் முடிவு 2019-இல் வெளிவந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி. படிப்பில் பின்தங்கியிருந்த பிள்ளைகளின் சராசரி மதிப்பெண், 4-க்கு அளக்கும் அளவுகோலில் 0.1 கூடியது. உண்மையான பலன், ஆனால் சிறிய பலன். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு: கடினமான கணக்குகளை எடுத்துச் செய்வது சகஜம் என்று சக மாணவர்கள் நினைக்கும் பள்ளிகளில்தான் அந்தப் பலன் நன்றாக நின்றது. மனதில் விதை போட்டால் போதாது, மண்ணும் வேண்டும். உங்களுக்கு மண் உங்கள் பட்டறை. அங்கே எந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை மாற்றாமல் இன்னொரு வகுப்புக்குப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கட்டணத்தைக் கையிருப்போடு சேருங்கள்.

காலை நாலரை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாலரைக்கு எழுந்து ராத்திரி பத்தரைக்கு விலைப்பட்டியல் எழுதுகிறீர்கள். விழித்து 18 மணி நேரம் ஆகியிருக்கும். 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் அளந்து பார்த்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைக்கும் கண்ணுக்கும் உள்ள ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடையதைப் போலக் குறைந்திருந்தது. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டக்கூடாது. நீங்கள் அந்த நேரத்தில் வாடிக்கையாளருக்கு விலை சொல்கிறீர்கள். கணக்கின் இரண்டாம் பக்கத்தில் உங்கள் பெரிய வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கும் 10 சதவீதத் தள்ளுபடி அப்படி ஒரு ராத்திரியில் எழுதப்பட்டது என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. நூறுக்கு விற்கும் சட்டையில் துணியும் கூலியும் 80 என்றால் உங்களிடம் நிற்பது 20. தொண்ணூறுக்கு விற்றால் நிற்பது 10. அதே பணம் கைக்கு வர இரண்டு மடங்கு சட்டை தைக்க வேண்டும். பத்து சதவீதம் என்று காதுக்குச் சின்னதாகக் கேட்டது, உங்கள் பட்டறைப் பெண்களின் கைகளுக்கு இரண்டு மடங்கு வேலை. மாறாக 5 சதவீதம் கூட்டிச் சொன்னால், ஐந்தில் ஒரு ஆர்டர் போனாலும் வாடகை கட்டுவதற்கு முன் நிற்கும் பணம் குறையாது. விலை எழுதுவது இனி காலையில், தூங்கி எழுந்த தலையோடு. ராத்திரி கேட்டவருக்கு "நாளை சொல்கிறேன்" போதும்.

இனி என்ன செய்வது என்று கேட்பீர்கள். பத்து வேலை நாள், ஒரு சின்ன நோட்டை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். யார் உங்களிடம் என்ன கேட்டு வந்தாலும் பதில் சொல்லுங்கள், சொன்ன கையோடு கேள்வியை மட்டும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் முடிந்ததும் அந்த நோட்டைப் பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். நூற்றுக்கணக்கான கேள்விகள் இருக்கும், ஆனால் வகை என்று பார்த்தால் பத்துப் பதினைந்துதான் இருக்கும். துணி குறைகிறது, என்ன செய்ய? இந்தச் சைஸ் பேட்டர்ன் எது? இந்த நிறம் மாறுகிறதே, பரவாயில்லையா? அதிகம் வந்த ஒரு வகையை எடுங்கள். ஒன்றே ஒன்று. அதற்கான பதிலை எழுதி, யார் முடிவெடுக்கலாம் என்று ஒருவர் பெயரையும் எழுதி, சுவரில் ஒட்டுங்கள்.

அந்த ஒருவர் உங்கள் கட்டிங் மாஸ்டராக இருக்கட்டும். ஆறு வருடமாக இருக்கிறார் என்கிறீர்கள். எழுதிக் கொடுத்தால் அவமானமாக நினைப்பாரோ என்ற தயக்கத்துக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1935 அக்டோபர் 30 அன்று, போயிங் நிறுவனத்தின் புது குண்டுவீச்சு விமானம் ஒன்று அமெரிக்க ராணுவத்தின் சோதனையின்போது மேலெழும்பிய உடனேயே விழுந்து எரிந்தது. ஓட்டியவர் புதியவர் அல்ல, கைதேர்ந்த சோதனை விமானி. தரையில் நிற்கும்போது விமானத்தைக் கட்டுப்படுத்தும் அசையும் பாகங்கள் காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு விமானிகள் தங்களுக்காக ஒரு சரிபார்ப்புப் பட்டியலை எழுதி வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை உலகெங்கும் விமானிகள், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், அந்த மாதிரி ஒரு பட்டியலைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அதை அவமானம் என்று ஒருவரும் நினைப்பதில்லை. மாஸ்டரிடம் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். "மாஸ்டர், வெட்டுவதற்கு முன்னால் நீங்கள் என்னென்ன பார்ப்பீர்கள்? சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதினால் அது அவருடைய பட்டியல். அதில் ஏழெட்டு வரிக்குமேல் போகவேண்டாம். நீண்டால் யாரும் படிக்கமாட்டார்கள்.

அதைவிட முக்கியமானது, வேலையை மட்டும் கொடுக்காமல் முடிவையும் கொடுப்பது. "வெட்டிவிட்டு என்னிடம் காட்டுங்கள்" என்றால் நீங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை. "ஐந்து பீஸ் வரை வீணானாலும் நீங்களே முடிவெடுத்துக்கொள்ளலாம், அதற்குமேல் போனால் மட்டும் என்னிடம் வாருங்கள்" என்றால் கொடுத்திருக்கிறீர்கள். அந்த ஐந்து பீஸின் விலையை மாதச் செலவில் ஒரு வரியாகவே எழுதிவிடுங்கள். அது மாஸ்டரின் பயிற்சிக் கட்டணம். வகுப்புக்கு நீங்கள் கொடுத்ததைவிட எத்தனையோ மடங்கு குறைவாகத்தான் வரும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எனக்கு வலித்த இடம். கணக்கு அலுவலகம் நடத்திய காலத்தில் உதவியாளர்கள் தயாரித்த ஒவ்வொரு அறிக்கையையும் நான் ஒரு வரி விடாமல் திருத்துவேன். தரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடம் என்னோடு இருந்த ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் சொன்னார்: "சார், நீங்கள் எப்படியும் மாற்றத்தானே போகிறீர்கள் என்று கடைசி இரண்டு வருடமாக நான் சரிபார்ப்பதையே விட்டுவிட்டேன்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது. நான் பார்ப்பேன் என்பதால் அவர் பார்க்கவில்லை, அவர் பார்க்கவில்லை என்பதால் நான் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் காஜா மெஷினில் இருக்கும் பெண் வலது பக்கப் பாக்கெட்டைப் பார்த்தும் பேசாமலிருந்ததற்கு அதே காரணம் இருக்கலாம். அக்கா பார்த்துக்கொள்வார் என்று இருந்திருப்பார். அன்று அக்கா இல்லை.

முதல் தப்பு வரும். கட்டாயம் வரும், அநேகமாக இரண்டாவது வாரத்தில். அந்த நிமிடத்தில் பட்டறையில் எல்லோரும் தைப்பதை நிறுத்தாமலே உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். "யார் பண்ணினது?" என்று நீங்கள் கேட்டால், மறுநாளிலிருந்து எல்லாக் கேள்விகளும் பழையபடி உங்களிடமே திரும்பிவிடும், தப்புகள் மட்டும் ஒளிந்துகொள்ளும். "பட்டியலில் எந்த வரி இதைப் பிடித்திருக்கணும்?" என்று கேளுங்கள். வரி இருந்தும் பார்க்கவில்லையா, வரியே இல்லையா என்று பாருங்கள். இல்லையென்றால் சேருங்கள். அப்புறம் தப்பைக் கண்டுபிடித்து நிறுத்தியவர் யாரோ அவருக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். நிறுத்தினால் திட்டு விழாது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்தவர் கையும் மெஷினை நிறுத்தும்.

ஒரு மாதம் கழித்து அரை நாள் வெளியே போங்கள். போனை எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் நீங்களாகக் கூப்பிடாதீர்கள். திரும்பி வந்து என்ன நடந்தது என்று மாஸ்டரைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஒரு நாள். பிறகு இரண்டு நாள். உங்கள் அம்மா எப்படி இருக்கிறார் என்று கடிதத்தில் எழுதவே இல்லை. 140 சட்டையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியவர், ஆபரேஷன் எப்படி நடந்தது என்று ஒரு வரி எழுதவில்லை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு தொழில் அதை நடத்துபவரிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டுவிடும் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன். முதல் அரை நாளை அம்மாவோடு செலவிடுங்கள்.

உங்கள் விற்பனையில் கிட்டத்தட்ட பாதி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. அவர் விலகினால் என்ன ஆகும் என்பது பெரிய விஷயம், அதற்குத் தனியாக எழுதுகிறேன். இப்போதைக்கு, மிச்சமாகும் நேரத்தில் வாரம் ஒரு மதியத்தைப் புது வாடிக்கையாளரைப் பார்ப்பதற்கென்று ஒதுக்கினால் போதும்.

கடைசியாக, நீங்கள் மறுத்த அந்த நிறுவனம். கதவு இன்னும் சாத்தியிருக்காது என்றே நினைக்கிறேன். சீருடைக்கு ஆள் தேடுபவர்கள் ஒரே நாளில் முடிவெடுப்பதில்லை, எடுத்தவருடன் எல்லாம் சரியாகப் போவதுமில்லை. அவர்களுக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: மொத்த ஆர்டரை மூன்று தவணையாக, மாதம் ஒன்றாகக் கொடுக்கிறோம், ஒவ்வொரு தவணைக்கும் 40 சதவீதம் முன்பணம், மீதி, சரக்கு வந்து 30 நாளில். கணக்கு என்ன சொல்கிறது? ஒரு தவணை 100, அதற்குத் துணியும் கூலியும் 80, முன்பணம் 40 வந்துவிடுகிறது, உங்கள் கையிலிருந்து போவது 40. இரண்டாவது தவணைக்கு இன்னொரு 40. மூன்றாவது ஆரம்பிக்கும்போது முதல் தவணையின் மீதி 60 வந்திருக்கும். உச்சத்தில் உங்கள் பணம் வெளியே நிற்பது 80. முன்பு 240 ஆக இருந்தது. உங்கள் கையிருப்பு 100. இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் மூச்சு விடலாம். 40 முடியாது, 30தான் என்றால் மறுபடி உட்கார்ந்து போடுங்கள்: உச்சத்தில் 100 வரும், கையில் ஒன்றும் மிஞ்சாது, அப்போது நான்கு தவணை கேளுங்கள். முன்பணமே கிடையாது என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். இந்த முறை காரணம் தெரிந்து மறுப்பீர்கள்.

ஆனால் அந்தக் கடிதத்தை இன்று எழுத வேண்டாம். முதலில் நோட்டு, பத்து நாள். பிறகு மாதிரிச் சட்டைக்கு வெட்டு மேசைக்கு எதிரே ஓர் ஆணி அடியுங்கள். அதன் பக்கத்தில் மாஸ்டரின் பட்டியல் தொங்கிய பிறகு, ஒரு காலை வேளையில் உட்கார்ந்து எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் மாஸ்டரைக் கூப்பிட்டு, மாதம் இவ்வளவு சட்டை கூடுதலாக முடியுமா, எத்தனை கை வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணிக்கையையே கடிதத்தில் போடுங்கள்.